தோண்டிய மண்ணை எந்த லேண்ட்ஃபில் ஏற்கும்? இங்கிலாந்தில் பரிசோதனையை எந்த வரிசையில் செய்வது

கேள்வியின் சுருக்கம்: லண்டனில் முன்பு பட்டறை இருந்த 200 சதுர மீட்டர் இடத்தில் 3 மீட்டர் ஆழத்துக்கு நிலவறை தோண்டுகிறார்கள். மேலே சுமார் 1.2 மீட்டர் செங்கல், சாம்பல், கான்கிரீட் துண்டுகள் கலந்த நிரப்பு மண். அதன் கீழே லண்டன் களிமண். ஒரு மூலையில் தோண்டிக் குவித்ததில் ஒரே ஒரு சாம்பிள் எடுத்து 'வாக்' டெஸ்ட் (Waste Acceptance Criteria, கழிவைப் புதைக்க ஏற்கலாமா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தார்கள். முடிவு இனெர்ட் (வினைபுரியாத, மாசு கசியாத கழிவு) எல்லைக்குள் வந்தது. அப்படியும் இனெர்ட் லேண்ட்ஃபில் (அத்தகைய கழிவைப் புதைக்கும் தளம்) மண்ணை எடுக்க மறுத்துவிட்டது. ஏன், அடுத்து என்ன செய்ய வேண்டும்?

அவர்கள் மறுத்தது சரி. வாக் டெஸ்ட் ஒரு மண் அபாயக் கழிவா இல்லையா என்று சொல்லாது. அதைச் சொல்லவேண்டிய வேறொரு மதிப்பீடு இருக்கிறது, அது முதலில் முடிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் வாக் முடிவை மட்டும் நீட்டினால், எந்தத் தளமும் தன் உரிமத்தைப் பணயம் வைத்து லாரியை உள்ளே விடாது. இந்த வரிசைக் குழப்பத்தில்தான் இங்கிலாந்துக் கட்டுமானத் தளங்களில் நாட்களும் பணமும் அதிகம் வீணாகின்றன.

இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்வி, மண்ணுக்குள் என்னென்ன இருக்கின்றன, மொத்தம் எவ்வளவு இருக்கின்றன என்பது. இதை வைத்துத்தான் கழிவு வகைப்பாடு நடக்கிறது. வழிகாட்டி டபிள்யூ.எம்.3 என்ற அரசு ஆவணம். முடிவு இரண்டு கழிவுக் குறியீடுகளில் ஒன்று: 17 05 04 (அபாயமற்ற மண்ணும் கல்லும்) அல்லது 17 05 03* (அபாயப் பொருள் கொண்ட மண்ணும் கல்லும்). நட்சத்திரம் இருந்தால் அபாயக் கழிவு. இரண்டாவது கேள்வி, அந்த மண்ணை நிலத்தில் புதைத்து மழை நீர் ஊடுருவினால் எவ்வளவு கரைந்து வெளியே வரும் என்பது. வாக் டெஸ்ட் பெரும்பாலும் அளப்பது இதை. டீத்தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது ஒன்று, டிகாஷனில் எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு. ஒரு மண்ணில் ஈயம் ஏராளமாக இருந்தும் கரையாமல் கிடக்கலாம். அது வாக் எல்லையில் தேறிவிடும், ஆனாலும் அபாயக் கழிவுதான்.

வகைப்பாடு முடிந்த பிறகே வாக் தேவையா என்று பார்க்க வேண்டும். அபாயமற்ற மண் என்று வந்து, அதைச் சாதாரண (அபாயமற்ற கழிவுக்கான) லேண்ட்ஃபில்லுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் வாக் டெஸ்டே தேவையில்லை. அந்த வகைக்கு வாக் எல்லைகள் விதிக்கப்படவில்லை. இது தெரியாமல் எல்லா சாம்பிளுக்கும் வாக் எழுதிக் கொடுத்துக் காசை விடுபவர்கள் பலர். அபாயமற்றது, அதை இனெர்ட் லேண்ட்ஃபில்லுக்கு அனுப்ப வேண்டும் என்றால் வாக் தேவை. அபாயக் கழிவு என்றால் வாக் கட்டாயம்: அபாயக் கழிவு லேண்ட்ஃபில்லுக்குப் போவதற்கும் சரி, சாதாரண லேண்ட்ஃபில்லுக்குள் 'நிலையான, வினைபுரியாத அபாயக் கழிவு' என்று தனியே ஒதுக்கிய பகுதிக்குப் போவதற்கும் சரி.

2004 ஜூலைக்கு முன்பு பிரிட்டனில் அபாய மண்ணையும் சாதாரணக் குப்பையையும் ஒரே பள்ளத்தில் கொட்டலாம். அந்த மாதம் அது நின்றது. 2005 ஜூலையில் வாக் எல்லைகள் முழுமையாக அமலுக்கு வந்தன. எல்லைகளுக்கு மூலம் 2003ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கவுன்சில் முடிவு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் எண்கள் அப்படியே இருக்கின்றன.

பரிசோதனையே இல்லாமல் இனெர்ட் லேண்ட்ஃபில்லில் ஏற்கும் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் 17 05 04 மண் இருக்கிறது. ஆனால் மேல்மண்ணுக்கும் கரிமண்ணுக்கும் (மட்கிய தாவரங்களால் ஆன பீட்) அந்தச் சலுகை இல்லை; மாசுபட்ட இடத்திலிருந்து வரும் மண்ணுக்கும் இல்லை. முன்பு வயலாக மட்டுமே இருந்த இடத்தின் அடிக்களிமண் என்றால் இந்த வழியில் போகலாம். பட்டறை இருந்த இடம் என்றதுமே இந்தக் கதவு மூடிவிடும்.

முதல் சுற்றில் லேப்பிடம் கேட்க வேண்டியவை இவை. ஆர்சனிக், காட்மியம், குரோமியம் (ஆறு இணைதிறன் குரோமியம் தனியாக), தாமிரம், ஈயம், பாதரசம், நிக்கல், செலினியம், துத்தநாகம், பி.எச்.; எண்ணெய் ஹைட்ரோகார்பன்கள் கார்பன் எண்ணிக்கை வாரியாகப் பிரித்து; பி.ஏ.எச். (நிலக்கரி, தார், எரிபொருள் சாம்பலில் இருக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்) சேர்மங்கள் தனித்தனியாக, பென்சீன், டொலுயீன் குடும்பம், ஆஸ்பெஸ்டாஸ் ஸ்கிரீனிங், ஈரப்பதம். இடத்தின் வரலாற்றைப் பார்த்து மேலும் சேர்க்க வேண்டும். எரிவாயு ஆலை இருந்திருந்தால் சயனைடு, பீனால். மின்மாற்றி இருந்திருந்தால் பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த நச்சுச் சேர்மங்கள்). லேப்புக்கு மண் பரிசோதனைக்கான எம்செர்ட்ஸ் (சுற்றுச்சூழல் முகமையின் தரச் சான்றுத் திட்டம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லேப்புக்கு இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பரிசோதனை முறைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். அறிக்கையில் அந்தக் குறியைத் தேடுங்கள்.

இப்போது கணக்கு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

லேப் தருவது உலோகத் தனிமத்தின் அளவு. ஆனால் அபாயத் தன்மை தனிமத்துக்கு இல்லை, அது எந்தச் சேர்மமாக மண்ணில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. துத்தநாகம் ஒரு கிலோ உலர் மண்ணில் 1500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் துத்தநாக ஆக்சைடு என்று கொண்டால் 1.245ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 1870 மில்லிகிராம், அதாவது 0.187 சதவீதம். துத்தநாக சல்ஃபேட் என்று கொண்டால் பெருக்கி 2.469: 0.37 சதவீதம். நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகால நச்சு என்ற பிரிவில் மிகக் கடுமையான வகைப் பொருட்களுக்கு எல்லை 0.25 சதவீதம். ஆக, எந்தச் சேர்மம் என்ற ஒரே முடிவு மண்ணை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். டபிள்யூ.எம்.3 கேட்பது நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மோசமான நிலை. கண்ணை மூடிக்கொண்டு உலகிலேயே மோசமான சேர்மத்தை எடுக்கவும் வேண்டாம், வசதியானதை எடுக்கவும் கூடாது. ஆறு இணைதிறன் குரோமியம் கண்டறியும் அளவுக்குக் கீழே என்றால் குரோமேட் சேர்மங்களை நீக்கலாம். காரத்தன்மையுள்ள பழைய நிரப்பு மண்ணில் நீரில் எளிதில் கரையும் சல்ஃபேட் பல ஆண்டு மழைக்குப் பின்னும் துத்தநாகத்தோடு அப்படியே நிற்கும் என்பது பொருந்தாது; ஆக்சைடுக்கு வலுவான காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். எழுதாத காரணம் தள ஆய்வாளருக்கு இல்லாத காரணம்.

அடுத்தது, இந்தப் பிரிவில் கூட்டல் உண்டு. ஒவ்வொரு உலோகத்தையும் தனியே பார்த்து 'எல்லைக்குள்தான் இருக்கிறது' என்று விட்டுவிட முடியாது. 0.1 சதவீதத்துக்கும் குறைவான பொருட்களை விட்டுவிடலாம், மற்றவற்றைக் கூட்ட வேண்டும். மேலே சொன்ன மண்ணில் ஈயமும் கிலோவுக்கு 1400 மில்லிகிராம் இருந்தால்? அபாயப் பொருள் பட்டியலில் 'ஈயச் சேர்மங்கள்' என்ற பொதுப் பதிவின்படி தனிமத்தின் அளவையே எடுத்துக்கொள்ளலாம்: 0.14. துத்தநாக ஆக்சைடு 0.187. கூட்டினால் 0.327, எல்லையைத் தாண்டிவிட்டது. லேப் எண்கள் உலர் எடைக்கு. கழிவோ ஈரத்தோடு போகிறது, ஆகவே ஈரப்பதத்தைத் திருத்திக்கொள்ளலாம். மண்ணின் ஈர எடையில் 18 சதவீதம் தண்ணீர் என்றால் மொத்தம் 0.268 ஆகக் குறையும். அப்போதும் அபாயக் கழிவுதான். இவ்வளவு எல்லைக்கு அருகில் நிற்கும் மண்ணைச் சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டித்தான் தீர்மானிக்க வேண்டும், எண்ணைத் திருகி அல்ல. தண்ணீர் அடித்து எடையைக் கூட்டுவது நேர்மையற்றது என்பதோடு, சேறாகிவிட்ட மண்ணைத் திரவக் கழிவுத் தடையைக் காட்டி லேண்ட்ஃபில் திருப்பி அனுப்பிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் பட்டறை இடங்கள் எப்போதும் வில்லங்கமே. என்ன எண்ணெய் என்று அடையாளம் தெரியவில்லை என்றால் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் (0.1 சதவீதம்) புற்றுநோய் பிரிவில் எல்லை. டீசல்தான் என்று லேப்பின் குரோமட்டோகிராம் (எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வரைபடம்) காட்டினால் அதே பிரிவில் எல்லை 10,000. பத்து மடங்கு வித்தியாசம்! அதனால் வெறும் மொத்த எண் போதாது. குரோமட்டோகிராமைக் கேட்டு வாங்கி, என்ன எண்ணெய் என்று லேப்பிலேயே விளக்கம் பெறுங்கள். அடையாளம் தெரியாத எண்ணெய்க்கும் ஒரு வழி உண்டு. பி.ஏ.எச்.களில் ஒன்றான பென்சோ(ஏ)பைரீன், எண்ணெயின் அளவில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அந்த எண்ணெயைப் புற்றுநோய் ஊக்கியாகக் கொள்ள வேண்டியதில்லை. எண்ணெய் கிலோவுக்கு 2500 மில்லிகிராம் என்றால் பென்சோ(ஏ)பைரீன் 0.25 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். நகரத்து நிரப்பு மண்ணில் நிலக்கரிச் சாம்பலால் மட்டுமே அது 1 மில்லிகிராமைத் தொட்டுவிடும், ஆகையால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். இன்னொரு சிக்கல்: கரிமண்ணும் தாவர எச்சங்களும் லேப் கருவியில் எண்ணெய் போலத் தெரியும். முடிவு சந்தேகமாக இருந்தால் சிலிக்கா ஜெல் சுத்திகரிப்பு செய்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பழைய தார்த் தளத் துண்டுகள் கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். நிலக்கரித் தார் 0.1 சதவீதம் இருந்தாலே அபாயம். பென்சோ(ஏ)பைரீன் கிலோவுக்கு 50 மில்லிகிராமை எட்டினால் தார் அந்த அளவில் இருப்பதாகவே கொள்ளப்படும். அதன் குறியீடும் வேறு, 17 03 01*.

ஆஸ்பெஸ்டாஸ்தான் லாரியை வாசலிலேயே திருப்பி அனுப்ப வைக்கும் முதன்மையான காரணம். விதி இரண்டு அடுக்கு. மண்ணில் பரவிக் கிடக்கும் இழைகள் எடையில் 0.1 சதவீதத்தை எட்டினால் மண் அபாயக் கழிவு. அது தவிர, கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் துண்டுகள் இருந்தால், அந்தத் துண்டுகளைத் தனியாக எடுத்து மதிப்பிட வேண்டும். துண்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் 0.1 சதவீதத்தைவிட நிச்சயம் அதிகமாகத்தான் இருக்கும். மொத்தக் குவியலின் எடையோடு ஒப்பிட்டு 'ஒரு துண்டுதானே' என்று சராசரி எடுக்க முடியாது. துண்டுகள் கலந்திருக்கும்வரை குவியல் முழுவதும் அபாயக் கழிவாகவே நடத்தப்படும். கையால் பொறுக்கி எடுத்தால் பிரச்சினை தீரலாம், ஆனால் அதற்கு உரிய அனுமதியும் 2012ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஒழுங்குமுறைகளின்படி பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். நிரப்பு மண்ணின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்கிரீனிங் செய்யுங்கள். இழை தென்பட்டால் எடை அளவில் அளக்கச் சொல்லுங்கள். 'இருக்கிறது' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து வகைப்படுத்த முடியாது.

இனி வாக். முறை பி.எஸ்.இ.என். 12457 என்ற தரநிலை. மண்ணை 4 மில்லிமீட்டருக்குக் கீழ் வரும்படி உடைத்து, உலர் எடைக்குப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, 24 மணி நேரம் தலைகீழாகச் சுழற்றி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அந்தத் தண்ணீரைச் சோதிப்பார்கள். இரண்டு கட்டமாகச் செய்யும் மூன்றாம் பகுதியும் உண்டு: 175 கிராம் உலர் எடைக்கு முதலில் இரண்டு மடங்கு நீரில் 6 மணி நேரம், பிறகு எட்டு மடங்கு புது நீரில் 18 மணி நேரம். கூடவே மண்ணிலேயே சில அளவுகள். இனெர்ட்டுக்கு மொத்தக் கரிமக் கார்பன் 3 சதவீதம், கனிம எண்ணெய் கிலோவுக்கு 500 மில்லிகிராம், பென்சீன் குடும்பம் 6, பி.சி.பி. 1, பி.ஏ.எச். மொத்தம் 100.

கரைசல் எல்லைகளில் அடிக்கடி தேவைப்படுபவை, எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராமில், வரிசை இனெர்ட், நிலையான வினைபுரியாத அபாயக் கழிவு, அபாயக் கழிவு: ஆர்சனிக் 0.5, 2, 25. ஈயம் 0.5, 10, 50. துத்தநாகம் 4, 50, 200. நிக்கல் 0.4, 10, 40. ஆன்டிமனி 0.06, 0.7, 5. மாலிப்டினம் 0.5, 10, 30. சல்ஃபேட் 1000, 20,000, 50,000. குளோரைடு 800, 15,000, 25,000. கரைந்த கரிமக் கார்பன் 500, 800, 1000. மொத்தக் கரைந்த திடப்பொருள் 4000, 60,000, 1,00,000. கரிமக் கார்பன் இரண்டாம் வகைக்கு 5 சதவீதம், மூன்றாம் வகைக்கு 6 சதவீதம். அல்லது மூன்றாம் வகைக்கு எரிப்பு இழப்பு (சூடாக்கும்போது குறையும் எடை) 10 சதவீதம் என்றும் பார்க்கலாம். அபாயக் கழிவு லேண்ட்ஃபில்லுக்கும் ஒரு மேல் எல்லை இருக்கிறது என்பது பலருக்கும் அதிர்ச்சி. அதையும் தாண்டிய மண்ணை எங்கேயும் புதைக்க முடியாது, சுத்திகரிப்புதான் வழி.

அறிக்கையைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள். வடிநீரில் லிட்டருக்கு 0.008 மில்லிகிராம் ஆன்டிமனி என்ற எண்ணை 0.06 எல்லையோடு ஒப்பிட்டு 'தேறிவிட்டது' என்று எழுதுகிறார்கள். பத்து மடங்கு தண்ணீர் என்பதால் அது கிலோவுக்கு 0.08 மில்லிகிராம். தேறவில்லை.

எதில் தோற்கும் என்பதற்கும் ஒரு போக்கு உண்டு. நகர நிரப்பு மண் இனெர்ட் எல்லையில் தோற்பது பெரும்பாலும் ஆன்டிமனி, சல்ஃபேட், பி.ஏ.எச்., கரிமக் கார்பன் ஆகியவற்றில். மேல்மண் கரிமக் கார்பனிலேயே நின்றுவிடும்; அதை லேண்ட்ஃபில்லுக்கு அனுப்புவதே வீண், தோட்டத்துக்கோ வேறு நிலத்துக்கோ தேவைப்படும் பொருள் அது. ஈரமான களிமண்ணை உலர்த்தச் சுண்ணாம்பு கலந்துவிட்டுப் பிறகு சாம்பிள் எடுப்பவர்கள் உண்டு. பி.எச். ஏறினால் ஈயமும் துத்தநாகமும் மீண்டும் கரையத் தொடங்கும், கரிமப் பொருளும் கரையும். சுத்தமாக இருந்த மண் தோற்றுப்போகும். பி.எச். 11.5 தாண்டினால் அரிப்புத் தன்மை என்ற புதிய அபாயப் பிரிவையும் மதிப்பிட வேண்டி வரும்.

லண்டன் களிமண்ணைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மண்ணில் பெரும்பகுதி அதுதான். அதில் இயற்கையாகவே பைரைட்டும் (இரும்பு சல்ஃபைடு கனிமம்) ஜிப்சம் படிகங்களும் இருக்கின்றன. மேல்பகுதியில் காற்றுப்பட்டு பைரைட் ஆக்சிஜனேற்றமடைந்து சல்ஃபேட் ஆகிறது. மனிதக் கை படாத களிமண்ணே 1000 என்ற சல்ஃபேட் எல்லையைத் தாண்டி நிற்கும். அதைப் பார்த்துப் பதறி முழுவதையும் சாதாரண லேண்ட்ஃபில்லுக்கு மாற்றிவிடாதீர்கள். விதியிலேயே விலக்கு இருக்கிறது: பத்து மடங்கு நீர்ச் சோதனையில் சல்ஃபேட் 6000 மில்லிகிராமுக்குள்ளும், 0.1 மடங்கு நீர் நிலையில் முதல் வடிநீரில் லிட்டருக்கு 1500 மில்லிகிராமுக்குள்ளும் இருந்தால் இனெர்ட்டாக ஏற்கலாம். இரண்டாவதை அளக்க நெடுவரிசைச் சோதனை (மண்ணைக் குழாயில் அடைத்து நீரை மெல்லச் செலுத்துவது) தேவைப்படும், நாளாகும். ஆரம்பத்திலேயே லேப்பிடம் சொல்லி வையுங்கள். சல்ஃபேட், குளோரைடு இரண்டுக்கும் பதிலாக மொத்தக் கரைந்த திடப்பொருள் எண்ணையும் பயன்படுத்தலாம் என்ற இடமும் உண்டு. கரைந்த கரிமக் கார்பன் தோற்றால் பி.எச். 7.5 முதல் 8 வரை வைத்து மறுபடி சோதிக்கலாம். சில இனெர்ட் தளங்கள் தங்கள் நீர் ஆபத்து மதிப்பீட்டின் அடிப்படையில் குறிப்பிட்ட சில எண்களுக்கு மூன்று மடங்கு வரை உயர்ந்த எல்லைக்கு அனுமதி வாங்கியிருக்கின்றன. தளத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு எண்களும் சாம்பிள் எடுத்த விதத்தை நம்பித்தான் நிற்கின்றன. குவியலிலிருந்து ஒரு சாம்பிள் என்பது எதையும் நிரூபிக்காது. இத்தனை கன மீட்டருக்கு ஒன்று என்ற ஒற்றைச் சட்ட எண் கிடையாது, டபிள்யூ.எம்.3 கேட்பது ஒரு சாம்பிள் திட்டம். முதலில் மண்ணைத் தன்மை வாரியாகப் பிரிக்க வேண்டும். நிரப்பு மண் ஒரு கூட்டம், களிமண் ஒரு கூட்டம், எண்ணெய்க் கறை படிந்த இடம் இன்னொரு கூட்டம். ஒரு கூட்டத்தின் எண்ணை இன்னொன்றோடு சேர்த்துச் சராசரி எடுக்கக் கூடாது. மாறுபாடு அதிகமான கூட்டத்துக்கு அதிகச் சாம்பிள். 240 கன மீட்டர் பட்டறை நிரப்பு மண்ணை 6 முதல் 8 சாம்பிளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு வகைப்படுத்தினால் என்னால் அதை நம்ப முடியாது. ஒரே சீரான களிமண்ணுக்கு 3 போதும், ஒன்று நிரப்பு மண்ணோடு சேரும் எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் இறங்கித் தேங்கும் இடம் அதுதான்.

தோண்டுவதற்கு முன்பே குழி வெட்டி எடுப்பது மேல். எந்த அடுக்கு, எந்த ஆழம் என்று தெளிவாகத் தெரியும், முடிவு வரும்வரை இடத்தை அடைக்கக் குவியலும் இருக்காது. குவியலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் இயந்திரத்தால் உள்ளே வெட்டித் திறந்து எடுங்கள். மேல்தோலில் மழை கழுவிப் போயிருக்கும், ஆவியாகும் எண்ணெயும் போயிருக்கும். பென்சீன் குடும்பத்துக்கான மண்ணைப் பல இடங்களிலிருந்து எடுத்து வாளியில் கிளறிக் கலக்கக் கூடாது. நேராக, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைக்க வேண்டும். எண்ணெய்க்கும் பி.ஏ.எச்.சுக்கும் பழுப்புக் கண்ணாடி ஜாடி. உலோகத்துக்கும் வாக்குக்கும் பிளாஸ்டிக் டப்பா. வாக்குக்கு 2 கிலோவாவது கொடுங்கள். குளிர்பெட்டியில் ஐஸ் கட்டிகளோடு அன்றே லேப்புக்குப் போக வேண்டும். சூடாகவோ தாமதமாகவோ போனால் லேப் அறிக்கையில் 'விலகிய சாம்பிள்' என்று குறிப்பு போடும், லேண்ட்ஃபில்லில் அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிப்பார்கள். பெரிய செங்கலை ஒதுக்கிவிட்டு நைசான மண்ணை மட்டும் எடுத்தால் எண்கள் உண்மையைவிட மோசமாக வரும். ஏனென்றால் மாசு பெரும்பாலும் நைசான துகளில் ஒட்டுகிறது. ஒதுக்கியதன் பங்கைக் குறித்து வையுங்கள்.

காசு மிச்சப்படுத்தும் ஒரு பழக்கம்: எல்லாச் சாம்பிளுக்கும் முதல் சுற்றைக் கொடுத்து, வாக்குக்கான மண்ணை லேப்பிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வகைப்பாடு வந்ததும், அந்தக் கூட்டத்தைப் பிரதிநிதிக்கும் இரண்டு மூன்றுக்கு மட்டும் வாக் ஓட்டலாம். வாக் முடிவு வரச் சாதாரணமாக 5 முதல் 10 வேலை நாட்கள் என்று அட்டவணையில் இடம் விடுங்கள்.

பிரித்துத் தோண்டுவதன் விலையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 2025-26 நிதியாண்டில் லேண்ட்ஃபில் வரி டன்னுக்கு 126.15 பவுண்டாகவும், தகுதியுள்ள இயற்கை மண், கல் போன்றவற்றுக்குக் குறைந்த விகிதம் 4.05 பவுண்டாகவும் இருந்தது. இவை ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும் எண்கள். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி வரிகள். அபாயக் கழிவுக்குக் குறைந்த விகிதம் கிடையாது. உங்கள் களிமண் 360 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.9 டன் என்று வைத்தால் 684 டன். அதை மேல் மண்ணோடு கலந்துவிட்டு உயர்ந்த விகிதத்துக்குப் போக விட்டால் அந்த விகிதங்களின்படி வரியில் மட்டும் 83,500 பவுண்டுக்கு மேல் கூடுதல், தளக் கட்டணம் தனி. ஒரு கூடுதல் இயந்திர ஓட்டுநரை நாள் முழுக்க மண் பிரிக்க நிறுத்தினாலும் அந்தத் தொகையில் சிறு துளிதான் செலவாகும். கலந்துவிட்ட பிறகு அபாய மண்ணைச் சுத்தமான மண்ணால் நீர்க்கச் செய்து எல்லைக்குள் கொண்டுவருவதும் சட்டப்படி குற்றம், ஆகவே பின்னால் சரிசெய்யலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

களிமண் எங்கேயும் கழிவாகவே ஆக வேண்டியதில்லை என்பதையும் பாருங்கள். அதே தளத்தில் மாசில்லாத இயற்கை மண்ணை மீண்டும் பயன்படுத்தினால் அது கழிவுச் சட்டத்துக்குள் வராது. வேறு தளத்துக்குக் கொண்டுபோகவும் சி.எல்.ஏர். (CL:AIRE) அமைப்பின் கழிவு வரையறை நடைமுறை விதித்தொகுப்பின்படி பொருள் மேலாண்மைத் திட்டம் எழுதி, தகுதிபெற்ற நபரின் உறுதிமொழியோடு அனுப்பலாம். நிபந்தனை, திட்டமும் உறுதிமொழியும் மண் நகரும் முன்பே முடிந்திருக்க வேண்டும். லாரி போன பிறகு எழுதிய திட்டத்துக்கு மதிப்பில்லை. பழைய கல்குவாரிகளை நிரப்பும் மீட்புத் தளங்களும் களிமண்ணைக் கேட்கும். அவற்றுக்குத் தனி ஏற்புப் பட்டியல் இருக்கும்.

எண்ணெய் மிகுந்த நிரப்பு மண் அபாயக் கழிவாக வந்தால் நேரே புதைக்க ஓடாதீர்கள். மண் சுத்திகரிப்பு மையங்கள் நுண்ணுயிர் முறையில் எண்ணெயைக் குறைத்துத் தருகின்றன, பல நேரம் அபாயக் கழிவு லேண்ட்ஃபில்லைவிடச் செலவு குறைவு. உலோகத்துக்கு அந்த வழி உதவாது. அதற்குக் கழுவுதல் அல்லது நிலைப்படுத்துதல்.

இப்போது உங்கள் தளத்தில் செய்ய வேண்டியவை. குவித்து வைத்திருக்கும் மண்ணைக் கனமான பாலித்தீன் விரிப்பின் மேல் மாற்றி மூடி வையுங்கள். அதைத் தனிக் கூட்டமாகவே கொள்ளுங்கள். மீதி இடத்தில் நான்கைந்து சோதனைக் குழிகள் வெட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் பதிவு எழுதி, படம் எடுத்து, மேலே சொன்னபடி சாம்பிள் எடுங்கள். பழைய வரைபடத்தில் எண்ணெய்த் தொட்டியோ குழியோ இருந்த இடம் தெரிந்தால் ஒரு குழி அங்கே கட்டாயம் வேண்டும். வகைப்பாட்டு அறிக்கையைக் கணக்கோடும் காரணங்களோடும் தயாரித்து, பிறகு வாக். இரண்டையும் சாம்பிள் இட வரைபடத்தோடு லேண்ட்ஃபில்லுக்கு அனுப்பி எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்கிய பின் மேல் 1.2 மீட்டரை முழுவதுமாக அகற்றுங்கள். கூடவே களிமண்ணின் மேல் 10, 15 சென்டிமீட்டரையும் நிரப்பு மண்ணோடு சேர்த்து எடுத்துவிடுங்கள், எல்லை அப்போதுதான் தெளிவாகும். அதன் பிறகு வாளியையும் சக்கரங்களையும் கழுவிவிட்டுக் களிமண்ணைத் தொடுங்கள்.

ஒவ்வொரு லோடுக்கும் தாளில் எழுதும் விவரம் லாரியில் இருக்கும் மண்ணோடு ஒத்துப்போக வேண்டும். 'மண்' என்று ஒற்றைச் சொல் போதாது. 'பழுப்பு நிறக் கெட்டிக் களிமண், செங்கல் இல்லை, 17 05 04' என்பது போல எழுதுங்கள். குறைந்த வரி விகிதத்துக்கும் இந்த விவரம்தான் ஆதாரம். அபாயமற்ற மண்ணுக்கான மாற்றுத் தாளை 2 ஆண்டும், அபாயக் கழிவின் அனுப்புத் தாளை 3 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். மண் ஏற்றிச் செல்பவர் சுற்றுச்சூழல் முகமையின் பதிவேட்டில் இருக்கிறாரா, போய்ச் சேரும் தளத்தின் உரிமத்தில் உங்கள் குறியீடு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வழியில் எங்கோ கொட்டிவிட்டுப் போனால், 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு மண்ணை உருவாக்கியவரையும் கேள்வி கேட்கும். லாரி வாசலில் நின்ற பிறகும் தள ஊழியர் கண்ணால் பார்ப்பார், முகர்வார், கொட்டும்போதும் நிற்பார். அறிக்கையில் இல்லாத கறுப்புச் சாம்பலோ தகட்டுத் துண்டோ தெரிந்தால் திருப்பி ஏற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. திரும்பி வரும் லோடை இறக்க, மூடிய விரிப்போடு ஒரு தனி இடத்தைத் தோண்டும் வேலை தொடங்கும் முன்பே தளத்தில் ஒதுக்கி வையுங்கள்.